பெரியப்பாவின் ஒயிலில் தண்ணீர்

மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கிமேல் குந்தியிருந்து கொழும்பைச் சுற்றிய பிள்ளைகள் உங்களில் எத்தனை பேர் மிச்சம்? கையைத் தூக்குங்கள், தோள்மூட்டு இடம் கொடுத்தால். இன்றைக்கு ஒரு பிள்ளையை அப்படி ஏற்றிக்கொண்டு கொழும்பு-காலி வீதியில் போனால் அடுத்த சந்தியிலேயே பொலிஸ் மறித்துவிடும். நமக்கு அதுதான் முதல் வகுப்பு ஆசனம். வெயிலில் சுட்ட தகரம் தொடையில் ஒட்டும், பெற்றோல் மணம் மூக்கில் ஏறும், அப்பாவின் இரண்டு கைகளும் இரண்டு பக்கத்திலும் வேலி போட்டிருக்கும். விழுவோம் என்ற நினைப்பே வராது. அந்தத் தாங்கியிலிருந்து இறங்கிய பிறகு, எவ்வளவோ விலை கொடுத்து வாங்கிய ஆசனங்களில் நான் அவ்வளவு பத்திரமாக உணர்ந்ததில்லை.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருந்தது. ஒரு பொது முற்றம், அதைச் சுற்றி ஏழெட்டு வீடுகள், எல்லோருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். அம்மா வீட்டில். நான் ஒரே பிள்ளை. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, வெள்ளவத்தையில் கடல்பக்க ஒழுங்கை ஒன்றில் இருந்தார். ரயில் போனால் அந்த வீட்டு அலுமாரிக்குள் கோப்பைகள் பேசத் தொடங்கும். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தாயாக என்னைக் கையில் ஏந்தியவர் அவர்தான். ஏந்தியதை அவர் இறக்கி வைக்கவே இல்லை என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

பெரியப்பாவுக்குக் கொலன்னாவையில், எண்ணெய்க் குதங்களில் வேலை. வீடுபோல உயர்ந்த தாங்கிகளின் மேல் ஏறி, நாடாவில் கட்டிய ஒரு பித்தளைக் கட்டையை உள்ளே இறக்கி, எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் பொறுப்பு. கட்டையில் ஒரு மண்ணிறப் பசையைப் பூசுவார்கள். தண்ணீர் பட்ட இடம் சிவந்துவிடும். அந்தப் பசையில் ஒரு சின்னத் தகரக் குப்பி எப்போதும் அவர் காற்சட்டைப் பையில் கிடக்கும். எனக்காக அதைச் சுண்டுவிரலில் பூசி நாக்கருகே கொண்டுபோய், "பொய் சொன்ன நாக்கெண்டாலும் சிவக்கும்" என்று பயமுறுத்துவார். நான் வெகுகாலம் அதை நம்பினேன்.

அந்த மோட்டார் சைக்கிள் முதலில் பெரியப்பாவுடையது. இங்கிலாந்தில் செய்தது. எனக்கு நினைவு தெரிந்தபோதே அது கிழம். ஒற்றைச் சிலிண்டர், கறுப்பு நிறம், உதைத்துத்தான் கிளப்ப வேண்டும், நல்ல மனநிலையில் இல்லாவிட்டால் திருப்பி உதைக்கும். இந்தக் காலத்து வண்டிகளில் எஞ்சினுக்குள்ளேயே ஒயில் கிடக்கும். அதில் அப்படியில்லை. ஆசனத்துக்குக் கீழே ஒயிலுக்கென்று தனியாக ஒரு தாங்கி, திருகி மூடும் மூடியோடு. எஞ்சின் ஓடும்போது ஒயில் அங்கிருந்து இறங்கி, சுற்றி வந்து, மறுபடி அங்கேயே சேரும். மூடியைத் திறந்து பார்த்தால் ஒயில் திரும்பி வந்து விழுவது தெரியும். அப்பா அதை எனக்குக் காட்டும்போது கோயிலில் நற்கருணைப் பேழையைத் திறப்பதுபோலத் திறப்பார்.

பெரியப்பா வெள்ளவத்தைக்கும் கொலன்னாவைக்கும் தினமும் அதில் போய்வந்தார். முதுகு கேட்கவில்லை. வைத்தியர் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டார். விற்கச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். அவர் யாருக்கும் கொடுக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சாவியை அப்பாவின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். "வெளியாக்களுக்குக் குடுக்க மனம் வரேல்லை" என்றார், அவ்வளவுதான். கூடவே தன்னிடமிருந்த ஒரு கலன் ஒயிலில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். அப்பா அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாடினார். அப்பாவுக்குப் பாட வராது.

அதற்குப் பிறகு ஞாயிறு என்றால் வெள்ளவத்தை. காலைப் பூசை முடிந்ததும் நான் முன்னால் தாங்கியில், அம்மா பின்னால் ஒரு பக்கமாகக் கால்போட்டு, மடியில் எண்ணெய்த்தாளில் சுற்றிய ஏதாவது பலகாரத்தோடு. புறக்கோட்டை நெரிசலைக் கடந்து காலிமுகத்திடலுக்கு வந்ததும் கடற்காற்று முகத்தில் அடிக்கும். என் ரிப்பன் அப்பாவின் வாய்க்குள் போகும். அவர் துப்பிவிட்டு ஓட்டுவார். பெரியப்பா வாசலில் நின்று, எங்களைப் பார்ப்பதற்கு முன் வண்டியின் சத்தத்தைக் கேட்டுத் தலையை ஆட்டுவார்.

மற்ற நாட்களில் அப்பா அதில் துறைமுக வாசல்வரை போவார். நடந்தே போகக்கூடிய தூரம். சட்டை கசங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் மோட்டார் சைக்கிளில் வருகிற எழுதுவினைஞருக்கு வாசற்காவலர் வைக்கிற சலாமே வேறு. மனிதர்கள் எதற்காகவெல்லாம் ஒரு எஞ்சினை உதைக்கிறார்கள் என்று இப்போது யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது.

பிறகு மழை தொடங்கியது. பின்னேரமானால் இடி, இடி முடிந்தால் மழை, ஒழுங்கையெல்லாம் முழங்கால் தண்ணீர். அப்பா மோட்டார் சைக்கிளை நனைய விடமாட்டேன் என்று முடிவெடுத்தார். ஞாயிற்றுப் பயணம் நின்றது, மழைக்கு முன் போய்வரக்கூடிய துறைமுக வாசல் மட்டும் மிஞ்சியது. பஸ்ஸில் போகலாம் என்றார் அம்மா. மழை விட்டதும் ராசா மாதிரிப் போவோம் என்றார் அப்பா. வண்டிக்குச் சளி பிடிக்காமல் இருக்க ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தார். எங்கள் வீட்டில் மாலையானதும் செபமாலை சொல்வோம், ஐந்து தேவ இரகசியங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மணி. முடிந்து சிலுவை அடையாளம் போட்ட கையோடு அப்பா முற்றத்துக்குப் போய், தறப்பாளை விலக்கி, வண்டியைத் தாங்குகாலில் நிறுத்தியபடியே கிளப்புவார். இன்னொரு தேவ இரகசியம் சொல்லி முடிக்கிற நேரம் அது நின்ற இடத்தில் உறுமும். பிறகு நிற்பாட்டி, சூடு ஆறுவதற்குள் தறப்பாளால் கழுத்துவரை போர்த்தி, கயிற்றால் கட்டிவிடுவார். முற்றத்துக்காரர்கள் அதற்கு ஆறாம் தேவ இரகசியம் என்று பெயர் வைத்தார்கள். அப்பாவுக்கு அதில் கோபம் இல்லை. கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

ஒருநாள் ஒயில் தாங்கியின் மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருந்த ஒயில் பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. மூடியின் உள்பக்கத்தில் வெண்ணெய்போல மஞ்சள் நுரை அப்பியிருந்தது. எனக்கு அதை விரலால் வழித்துப் பார்க்க ஆசை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டேன்.

அப்பா சட்டென்று கோபப்படுகிறவர் இல்லை. யோசித்துக் கோபப்படுகிறவர். அதனால்தான் அவர் கோபம் ஆறாது. அன்றிரவு சோறு பிசைந்தபடியே அம்மாவுக்கு விளக்கினார். ஒயிலில் தண்ணீர் கலந்தால்தான் இப்படிப் பால்போல வரும். கார் எஞ்சின் என்றால் அதைக் குளிரவைக்கிற தண்ணீர் கசிந்து கலக்கலாம். இது காற்றில் குளிர்கிற எஞ்சின், இதற்குள் தண்ணீருக்கு வேலையே இல்லை. மழையில் ஒரு துளியும் நனைய விடவில்லை. ஈரத்துணியால்கூடத் துடைக்கவில்லை. ஆக, தண்ணீர் ஊற்றின ஒயிலிலேயே இருந்திருக்க வேண்டும். ஒயில் யார் தந்தது? இத்தனை வருடம் கழித்து நானும் அந்தக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். படிக்குப் படி சரியாகத்தான் இருக்கிறது. விடைதான் பிழை.

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் போனோம். அப்பா ஒரு மருந்துப் போத்தலில் அந்தப் பால்நிற ஒயிலை நிரப்பிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பெரியம்மா இடியப்பமும் சொதியும் பரிமாறிக்கொண்டிருந்தார். அப்பா போத்தலை எடுத்துச் சொதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம். வேறு நாளென்றால் நான் சிரித்திருப்பேன்.

"அண்ணை, நீங்கள் தந்த ஒயிலுக்குள்ள தண்ணி இருந்திருக்கு" என்றார் அப்பா. மரியாதையாகத்தான் சொன்னார்.

பெரியப்பா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேசையில் வைத்தார். "நான் தந்த ஒயிலுக்குள்ளயோ?" என்று ஒருதரம் கேட்டார். பிறகு சாப்பிடாமல் எழுந்து கை கழுவினார்.

நீங்கள் அதை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு தையற்காரரிடம் உங்கள் தையல் பிரிந்துவிட்டது என்று சொல்லலாம், அவர் திருப்பித் தைத்துத் தருவார். பெரியப்பாவோ வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எண்ணெய்க்குள் தண்ணீர் தேடுகிறவர். அது ஒன்றுதான் அவர் பெயர், அவர் மரியாதை. விற்க மனமில்லாமல் கொடுத்த வண்டிக்கு, தன் கையால் ஊற்றிக் கொடுத்த ஒயிலில் தண்ணீர் இருந்தது என்று, அவருடைய மேசையிலேயே வைத்துச் சொன்னால் எப்படி இருக்கும்? கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இன்னொன்று: வண்டியைக் குழாயடியில் வைத்துக் கழுவுகிறவர்களுக்கு ஒயிலைப் பற்றிப் பேச வாய் வரக்கூடாது. அப்பா ஒருநாளும் அதைக் குழாயடிக்குக் கொண்டுபோனதில்லை. இரண்டு பேரும் இரண்டு பொய்க் குற்றச்சாட்டுகளோடு பிரிந்தார்கள். வரும்போது பஸ்ஸில், இனி அந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று அப்பா பொதுவாகச் சொன்னார். அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த வருடம்தான் முதல் நன்மை, நற்கருணையை முதன்முதலாக வாங்குகிற நாள். டிசம்பர் தொடக்கத்தில் என்று பங்குச் சுவாமி அறிவித்துவிட்டார். வெள்ளைச் சட்டையை ஞானத்தாய்தான் தைக்க வேண்டும். பெரியம்மா துணியும் எடுத்து வைத்திருந்தார், லேசும் வாங்கியிருந்தார், எனக்குக் காட்டியும் இருந்தார். அளவுதான் எடுக்கவில்லை. நான் மற்றப் பிள்ளைகளிடம் அந்த லேஸைப் பற்றி அளந்து விட்டிருந்தேன். இப்போது சட்டை இல்லை, அதைவிடப் பெரிய விஷயம் பெரியம்மா இல்லை. ஞானத்தாய் இல்லாமல் எப்படி நன்மை வாங்குவது என்று அம்மாவிடம் கேட்டேன். அதற்கு இன்னும் நாள் கிடக்கிறது என்றார். என்னைவிடத் தனக்குத்தான் அதைச் சொல்லிக்கொண்டார் என்று இப்போது தெரிகிறது.

அம்மா சண்டை பிடிக்கவில்லை. செபமாலையை மட்டும் பாவித்தார். ஒவ்வொரு தேவ இரகசியத்துக்கும் முன்னால் யாருக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா தெளிவாக, முற்றத்துக்குக் கேட்கும்படி, "வெள்ளவத்தையில இருக்கிற அக்காவுக்காகவும் அத்தானுக்காகவும்" என்பார். அப்பா முழந்தாளில் நின்றுகொண்டு பத்து அருள்நிறை மரியேயும் அவர்களுக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும். முணுமுணுப்பார். தன் முறை வரும்போது பொதுவாக உலக சமாதானத்துக்காக ஒப்புக்கொடுப்பார். எனக்கு அப்போதே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

செபமாலை முடிந்ததும் ஆறாவது. ஆனால் அந்த ஒயில் திருந்தவில்லை. அப்பா எல்லாவற்றையும் வடித்து எடுத்துவிட்டுக் கடையில் புது ஒயில் வாங்கி ஊற்றினார். கொஞ்ச நாள் தேன் நிறம். பிறகு அதுவும் மெல்ல மெல்லப் பாலாகியது. அப்போதாவது பெரியப்பா மேல் பிழையில்லை என்று நினைத்திருக்கலாம். அப்பா யோசித்துக் கோபப்படுகிறவர் என்று சொன்னேனே. பழைய தண்ணீர் எஞ்சினின் மூலைமுடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒருதரம் புகுந்தது இலேசில் போகாது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று துறைமுக வாசலுக்குப் போவதையும் விட்டார். மாலையில் நின்ற இடத்தில் கிளப்புவதும் போர்த்துவதும் மட்டும் தொடர்ந்தது. போர்வைக்குள் இன்னொரு சாக்கும் சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை மழை இல்லை. செபமாலை முடிந்து அப்பா வெளியே போனார். உதைத்தார், எஞ்சின் பிடித்தது. அம்மா அறைக்குள் போய் வந்தபோது கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலையில் இருந்தார். கையில் கைப்பை. எனக்குச் சப்பாத்து மாட்டச் சொன்னார். முற்றத்துக்கு வந்தோம். உறுமிக்கொண்டு நின்ற வண்டியின் பின் ஆசனத்தில் அம்மா ஒரு பக்கமாகக் கால்போட்டு ஏறி அமர்ந்தார். தாங்குகாலில் நின்ற வண்டி ஒருதரம் ஆடி அடங்கியது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அப்பா அந்தச் சத்தத்தில் என்ன என்று கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் நிண்ட இடத்திலயே ஓடுறீங்கள்" என்றார் அம்மா. "இண்டைக்கு எங்கட அக்கா வீட்டை ஓடுங்கோ. பிள்ளைக்கு அளவெடுக்க வேணும்."

அப்பா எஞ்சினை நிற்பாட்டியிருக்கலாம். சாவி கைக்கெட்டும் தூரத்தில்தான். ஆனால் வீட்டுக்கு வீடு தலைகள் வெளியே வந்துவிட்டன. குழாயடியில் வாளி நிரம்பி வழிந்தது, யாரும் மூடவில்லை. எல்லோரும் பார்க்க மனைவியை இறங்கு என்று சொல்வதா, சொல்லி அவர் இறங்காவிட்டால் என்ன செய்வது என்று அப்பா யோசிப்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் என்னைத் தூக்கித் தாங்கிமேல் வைத்தார். "ஒழுங்கை முடக்கு மட்டும்தான்" என்றார், முற்றத்துக்குக் கேட்க.

ஒழுங்கை முடக்கு வந்தது. அப்பா ஒருகணம் வேகத்தைக் குறைத்தார். பிறகு வண்டி தானாகவே பழக்கப்பட்ட பக்கம் திரும்பியதுபோலத் திரும்பியது. புறக்கோட்டையில் கடைகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் முதலில் தொண்டை கட்டியவர்போல இருமிக்கொண்டே வந்தது. காலிமுகத்திடலுக்கு வந்தபோது அதன் குரல் திறந்துவிட்டது. அது எனக்கு முதுகெலும்பில் தெரிந்தது, கீழே கிடந்த இரும்பு முழுக்கச் சூடாகி ஒரே சீராக அதிர்ந்தது. அப்பா ஒரு கையை எடுத்துத் தாங்கியின் பக்கத்தில், என் முழங்காலுக்குக் கீழே, இரண்டு தட்டுத் தட்டினார். திரும்பிப் போக வேண்டும் என்றால் அந்த இடத்தில் திரும்பியிருக்கலாம், வீதி அகலம்தான். அவர் திரும்பவில்லை. அவருக்கும் போகத்தான் ஆசை. அதற்கு ஓர் ஆள் பின்னால் ஏறி உட்கார வேண்டியிருந்தது.

பெரியம்மா கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். சட்டையை ஏற்கெனவே வெட்டி இழையோட்டி வைத்திருந்தார். நான் அங்கே மறந்துவிட்டுப் போன பழைய சட்டை ஒன்றை வைத்து அளவெடுத்தாராம். நான் அதற்குள் வளர்ந்துவிட்டேன். முன்னறையில் ஒரு முக்காலியில் என்னை ஏற்றி, சட்டையைப் போட்டுப் பார்த்து, கீழ்ப்பட்டியைப் பிரித்து இறக்கிச் சுற்றிவரக் குண்டூசி குத்தினார்கள். அக்காவும் தங்கையும் என் இரண்டு பக்கமும் முழந்தாளில். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே அழுதார்கள், சிரித்தார்கள், என்னை ஆடாதே என்றார்கள். எனக்கு அசைய முடியாது. ஆனால் யன்னல் நேர் எதிரே இருந்தது.

முற்றத்தில் அப்பா வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே வரவில்லை. பெரியப்பா கொஞ்ச நேரம் கழித்து டோர்ச்சும், ஒரு கம்பியும், மிச்ச ஒயில் இருந்த கலனும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். வணக்கமும் இல்லை, வாரும் என்றும் இல்லை. பையிலிருந்து பசைக் குப்பியை எடுத்தார். கம்பி நுனியில் பூசினார். முதலில் தன் கலனுக்குள் விட்டு எடுத்து, துடைத்து, டோர்ச்சை அடித்து அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். மண்ணிறம். திருப்பிப் பூசினார். வண்டியின் ஒயில் தாங்கி மூடியைத் திருகினார். திறந்ததும் டோர்ச் வெளிச்சத்தில் மெல்லிய வெள்ளைப் புகை எழும்பியது. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புகை அடங்கட்டும் என்று நின்று, பிறகு கம்பியை அடிவரை விட்டு எடுத்தார். நுனி சிவந்திருந்தது.

"என்ட ஒயிலில தண்ணி இல்லை. பாத்தீரோ?"

"அப்ப இதுக்க எங்கால வந்தது, அண்ணை?"

"நீர் கழுவினனீர்."

"நான் ஈரத்துணியும் வைக்கிறதில்லை."

இதையே திருப்பித் திருப்பிப் பேசினார்கள். நான் பயந்தேன். அம்மா யன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "கதைக்கிறாங்கள்" என்றார் அக்காவிடம். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது இருவரும் இன்னும் வாதாடிக்கொண்டே உள்ளே வந்து, வாதாடிக்கொண்டே கை கழுவி, பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தார்கள். இது தன் கண்காணிப்பில் இருக்க வேண்டிய கேஸ் என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். ஞாயிறு தவறாமல் கொண்டுவர வேண்டும், பசை போட்டுப் பார்ப்பார். அப்பா அதற்குச் சம்மதித்தது தான் நிரபராதி என்று நிரூபிக்க.

ஞாயிறு ஞாயிறாகப் போனோம், மழைத் தூறலிலும் போனோம். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்தால் அந்தப் புகை. ஒவ்வொரு முறையும் கம்பியில் சிவப்புக் கொஞ்சம் குறைந்தது. பால்தேநீர் மெல்ல வெறுந்தேநீர் ஆகி, பிறகு தேனாகியது. பெரியப்பா மூடிக்குப் போட்ட புதுக் கோர்க் வளையத்தால்தான் என்றார். அப்பா, பழைய தண்ணீர் ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது என்றார். அம்மா செபமாலையால் என்றார். தண்ணீர் எப்படிப் போனது என்பதில் சாகும்வரை மூவரும் தங்கள் தங்கள் கட்சியை விடவில்லை.

எனக்கு உண்மை தெரிந்தது அண்மையில்தான். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலம் உங்களுக்கு மறந்திருக்காது. நான் இப்போது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். என் சின்னக் காரைக் கீழே நிறுத்தி உறைபோட்டு மூடிவிட்டு, பற்றரி இறங்காமல் இருக்கத் தினமும் காலையில் கொஞ்ச நேரம் கிளப்பி விடுவேன். யாருடைய மகள் நான்! மாதங்கள் கழித்துக் கராஜில் மூடியைத் திறந்து காட்டினார்கள். அதே மஞ்சள் வெண்ணெய். எஞ்சின் பழுதாகிவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம். அரைகுறையாகச் சூடாக்கி ஆறவிட்டால் உள்ளே இருக்கிற காற்றின் ஈரமும் எரிந்த பெற்றோலின் ஈரமும் வேர்த்து ஒயிலில் சேருமாம். கொழும்புக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும். ஒயில் நன்றாகச் சுடும்வரை நீட்டுக்கு ஓடினால் அது ஆவியாகித் தானாகவே போய்விடுமாம். "மிஸ், எங்கயாவது தூரமாப் போயிட்டு வாங்க" என்றார் கராஜ்காரர்.

நான் அந்த எண்ணெய் நாற்றத்துக்குள் ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளவத்தைக்குப் போகாததால்தான் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்ததால்தான் வெள்ளவத்தைக்குப் போவதை நிறுத்தினோம். கோபித்துக்கொண்டு எவ்வளவுக்கு வீட்டிலேயே நின்றோமோ அவ்வளவுக்கு அப்பாவின் சந்தேகத்துக்குப் புதிது புதிதாகச் சாட்சி ஊறியது. ஆறாம் தேவ இரகசியம் முடிந்து, சூடு ஆறாமல் போர்த்திய அந்தத் தறப்பாள்! அவ்வளவு பாசமாகப் போர்த்தினார். டோர்ச் வெளிச்சத்தில் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களே, அந்தப் புகைதான் தண்ணீர். அவர்கள் தேடிய தண்ணீர் அவர்கள் மூக்குக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அன்று சொல்ல ஆள் இருந்திருந்தால் எவ்வளவு மிச்சம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, சொல்லியிருந்தால் அப்பா மருதானையைச் சுற்றி ஒரு நீட்டு ஓட்டம் ஓடிவிட்டு வந்து போர்த்தியிருப்பார், வெள்ளவத்தை எதற்கு என்றும் நினைத்தேன்.

இப்போது ஒன்றும் இல்லை. வண்டி பிறகு கைமாறிப் போனது. எங்கே துருப்பிடித்துக் கிடக்கிறதோ. பெரியப்பாவின் வீடு இருந்த இடத்தில் மாடி எழும்பியிருக்கிறது. ரயில் போனால் இப்போதும் அங்கே எதுவோ அதிரும். அந்தப் பசைக் குப்பியை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன், பல வீடு மாறியதில் அதுவும் போய்விட்டது. மிஞ்சியது சட்டை. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

முதல் நன்மை அன்று காலை வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. பெரியம்மாவும் பெரியப்பாவும் முதல் பஸ்ஸில் வந்து கோயில் வாசலில் காத்துநின்றார்கள். என்னை நடக்கவிட்டால் ஒழுங்கைச் சேறு படும் என்று அப்பா மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து, தலையில் முக்காடு, கையில் மெழுகுதிரி. தாங்கிமேல் ஒரு பழைய வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் நான். கோயில் வாசலில் அப்பா என்னை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி இறக்கினார். பெரியம்மா ஓடிவந்து சட்டையைச் சரிசெய்யக் குனிந்தவர் அப்படியே நின்றார். இடுப்பின் இடப்பக்கம், லேசுக்குச் சற்று மேலே, ஒரு பெருவிரல் அடையாளம். அன்று காலையும் அப்பா ஒயில் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

பெரியம்மா எத்தனை ஞாயிறு கண்ணைக் குத்திக்கொண்டு தைத்த சட்டை. அப்பா தன் கையைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கியதை நான் கண்டேன். உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதுகு வலியோடு மெல்லக் குனிந்தார். சட்டையின் அந்த இடத்தை விரலில் நீட்டிப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கொலன்னாவையில் எப்படிப் பார்ப்பாரோ அப்படி நிதானமாகப் பார்த்தார்.

"தேன் மாதிரி இருக்கு" என்றார். "ஒரு பொட்டுத் தண்ணி இல்லை."

அப்பா கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"ஓம் அண்ணை" என்றார். "உங்கட ஒயிலில எப்பவும் தண்ணி இருந்ததில்லை."

பெரியப்பா நிமிர்ந்தார். மெழுகுதிரியை நேராகப் பிடிக்கச் சொன்னார், இடது கையால் அந்த இடத்தை மறைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லோருமாக உள்ளே போனோம். அன்று எடுத்த படத்தில் என் இடது கை இடுப்பில்தான் இருக்கிறது, பார்க்கிறவர்கள் என்ன திமிர் என்று கேட்பார்கள். அந்தச் சட்டையைப் பிறகு எத்தனையோ தரம் துவைத்தார்கள், வெயிலில் போட்டார்கள், தேசிக்காய் தேய்த்தார்கள். துணி மங்கிவிட்டது, லேஸ் பிய்ந்துவிட்டது. அப்பாவின் பெருவிரல் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.